எலியாசும் அந்துவானும் ஒரே பெட்டியில்

ஆரோக்கியராஜுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினேழு வருஷமாக பேக்கிங் சூப்பர்வைசர். ஒட்டிய பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். தட்டியதைத் திரும்ப எண்ணுவார். அப்படியிருந்தும் போன வருஷம் ஒரு லோடில் சைஸ் மாறிப்போனது. "இன்னொருக்கா பொட்டி மாறுச்சுன்னா நீங்க வேற கம்பெனி பாத்துக்குங்க," என்றார் முதலாளி லிங்கசாமி, வழக்கமான மரியாதை ஒரு இம்மியும் குறையாமல்.

இந்த முறை ஆர்டர் லெபனானிலிருந்து. அங்கே தேர்தல். இரண்டு எதிரணிகளுக்கும் பனியன் எடுத்துக் கொடுப்பவர் ஒரே வியாபாரி; கொள்கை உள்ள மனுஷர். எல்லாமே வெள்ளைப் பனியன், நெஞ்சில் வேட்பாளர் பெயர். முதல் அணிக்கு அந்துவான், உசேன். இரண்டாவது அணிக்கு எலியாஸ், அப்பாஸ். அணிக்கு நாற்பது பெட்டி. பெட்டிக்கு நூறு பனியன், பெயருக்கு ஐம்பது.

பட்டியலைப் பார்த்ததும் ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸ்காரர்கள் பெயர்களைக் கலந்து டைப் அடித்துவிட்டார்கள் என்று தீர்மானித்தார். அந்துவானையும் எலியாசையும் ஒரு பெட்டியில் போட்டார், உசேனையும் அப்பாசையும் இன்னொன்றில். எண்பது பெட்டியையும் அப்படியே ஒட்டி முடித்து, காலை பதினோரு மணிக்கு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பூங்குழலியிடம் பெருமையாகச் சொன்னார்.

"லிஸ்ட்ட மாத்தி அடிச்சிருந்தீங்க மேடம். நான் சரி பண்ணிட்டேன் பாத்துக்கிடுங்க."

பூங்குழலி ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ ஏனுங்ண்ணா! யாரு மாத்தச் சொன்னது?"

"கிறிஸ்டின் ஒரு பக்கம், முஸ்லிம் ஒரு பக்கம். அவங்க சண்டையத்தான் டிவில காட்டுதாம்லா?"

"அங்க சீட்ட மதத்துக்கு இத்தனைன்னு பிரிச்சு வெச்சிருக்காங்கண்ணா. கிறிஸ்டின் சீட்டுக்கு கிறிஸ்டின்தான் நிக்கோணும். அப்ப அந்துவானுக்கு எதிரி யாரு? எலியாசு. ஆனா ஓட்டு எல்லாரும்தான போடறாங்க? முஸ்லிம் ஓட்டு வாங்க அந்துவான் அணிக்கு உசேன் வேணும். உங்க சர்ச் கமிட்டி எலெக்‌ஷன்ல உங்களுக்கு எதிரா நிக்கறது யாருங்க? பாயா?"

சர்ச் தேர்தலில் ஆரோக்கியராஜுக்கு எதிரே நிற்பது அவருடைய சொந்த மச்சான். இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது; ஒரே பூசை, வேறு வேறு பெஞ்சு. அவர் குடியிருப்பதோ சம்சுதீன் பாய் வீட்டு மாடியில். பெருநாள் பிரியாணி மாடிக்கு ஏறும், கிறிஸ்துமஸ் முறுக்கு கீழே இறங்கும்.

லாரி நான்கு மணிக்கு. எண்பது பெட்டியையும் கிழித்தார்கள். ஒடிசாப் பையன்கள், "மதராசி மாமா பாகல்" என்று இந்தியில் அவரைப் பைத்தியமாக்கியபடியே எட்டாயிரம் பனியனையும் மேஜை மேல் கொட்டினார்கள். ஆரோக்கியராஜ் சாப்பிடவில்லை. டேப்பைப் பல்லால் கடித்தார்.

மூன்றே முக்காலுக்கு எல்லாம் ஒட்டியாகிவிட்டது. மேஜை மேல் ஒரே ஒரு எலியாஸ் மட்டும் மிச்சம்.

எப்போதும் கூடுதலாகத் தைக்கிற பீஸா? இல்லை, ஏதோ ஒரு பெட்டியில் குறைகிறதா? பூங்குழலி, "விடுங்ண்ணா, எச்சுப் பீஸாத்தான் இருக்கும்," என்றாள். விடுகிற ஆளா அவர்? தராசை இழுத்து வந்து, இரண்டாவது அணியின் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். முப்பத்தொன்றாவது பெட்டி மற்றவற்றைவிட நூற்றறுபது கிராம் குறைந்தது. பிரித்தார். அப்பாஸ் ஐம்பது, எலியாஸ் நாற்பத்தொன்பது.

"ஏனுங்க ஆரோக்கியராஜ், லோடு லேட்டு?" லிங்கசாமி வாசலில் நின்றார்.

"ஒரு எலியாசு காணாமப் போய்ட்டாருங்க மொதலாளி. கெடச்சிட்டாரு."

"பொட்டி ஏதும் மாறலீங்ளே?"

ஆரோக்கியராஜ் எலியாசை உள்ளே வைத்துப் பெட்டியை ஒட்டினார். "இப்ப மாறலீங்க."

முதலாளி அந்த 'இப்ப'வைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லாரிக்குக் கை காட்டினார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் சம்சுதீன் பாய் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எலெக்‌ஷனாமே. மச்சான்கிட்ட ஒரு வார்த்தை பேசுறது?"

"அவன் வேற பெட்டி, பாய்," என்றார் ஆரோக்கியராஜ். இரண்டு படி ஏறி நின்று திரும்பினார். "நீங்க நம்ம பெட்டி."

"எனக்கு உங்க சர்ச்ல ஓட்டு ஏதுங்க?"

"அதான பாய் கஷ்டம்," என்று முனகிக்கொண்டே மேலே போனார்.