விட்ட பாடு

என் பெண்டாட்டி என்னைப் பற்றி ஊரில் யாரிடமும் குறை சொன்னதில்லை. நேராக என்னிடமே சொல்லிவிடுவாள்.

"உனுக்கு இன்னா கொறச்சல்னு இப்படிக் குதிக்கிற? கொழம்புல உப்பு கம்மின்னா கேட்டுப் போட்டுக்கினு துன்னேன்யா. அதுக்கு ஏன் சட்டியத் தூக்கி எறியற?"

அன்று சட்டி மணலில் விழுந்ததால் உடையவில்லை. வாசலில் படுத்திருந்த நாய்க்குத்தான் கொண்டாட்டம். அவள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபத்துக்கே அதுதான் காரணம் என்று அப்போது எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் கோட்டைக்குப்பத்தில் ஏரித் தொழில் பார்க்கிற குடும்பம். பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவன் வலை கட்டிவிட முடியாது. மீன் நன்றாகப் படுகிற இடங்களை ஊர் முறை வைத்துப் பிரித்திருக்கும். இன்று உன் வீடு, நாளை என் வீடு, அடுத்து அவன் வீடு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் ஏரியில் கழி நட்டு வலை கட்டுவேன். மற்ற நாளில் கிழிந்த வலையைப் பொத்துவேன், தூங்குவேன், ஊர் வம்பு பேசுவேன். நைனாவுக்கு இருந்த பாடு அவர் போன பிறகு எனக்கு வந்தது. ஏரி எங்களை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. இறால் இல்லாவிட்டால் மடவை, மடவை இல்லாவிட்டால் நண்டு. அதைப் போய்க் கஷ்டம் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் சாகிறவரைக்கும் எந்த நாளில் எந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்பேன் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அதை நினைத்தாலே எரிச்சல் வரும். அந்த எரிச்சலைக் குழம்பின் மேல் காட்டினேன், வலையின் மேல் காட்டினேன், பக்கத்து வீட்டுச் சேவலின் மேல்கூடக் காட்டினேன். சேவலும் நானும் பேசிக்கொள்வதே இல்லை என்று என் பெண்டாட்டி கேலி செய்வாள்.

அப்போது ஏரிக்கரைக் கோட்டை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. நாங்கள் அவர்களை உலாந்தாக்காரர்கள் என்போம். அவர்களுடைய கப்பலுக்கு எங்கள் முகத்துவாரத்தில் ஆழம் போதாது. வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே துணிப் பொதிகளையும் ஆட்களையும் ஏற்றி இறக்கச் சலங்குகள் ஓடும். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த பெரிய படகு அது. அலை அறைந்தால் உடையாது, நெளிந்து கொடுக்கும். என் பெண்டாட்டியின் அண்ணன் கடலோரக் குப்பத்துக்காரர். அப்படி ஒரு சலங்குக்கு அவர்தான் தண்டல். அதாவது, படகில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஒருநாள் காலையில் அவர் வாசலில் வந்து நின்றார். "மாப்ள, இன்னிக்கு உனுக்கு பாடு இல்லல்ல? ஒரு ஆளு கொறையுது. சும்மா துடுப்பு போட வர்றியா?"

சும்மாதான் போனேன். அலை உடைகிற இடத்தில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்து தொப்பென்று விழுந்தது. ஐயோ அம்மா என்று கத்தினேன். கத்தி முடித்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன்! அலையைத் தாண்டியதும் எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். எனக்கு வரி தெரியாது, வாயை மட்டும் அசைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அதன் பிறகு பாடு இல்லாத நாளெல்லாம் சலங்குக்கு ஓடினேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மச்சான் கறாராகச் சொன்னார். "வர்றதுன்னா தெனம் வரணும் மாப்ள. ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னா எனுக்கு ஆவாது."

வீட்டில் சொன்னதும் என் பெண்டாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எங்க அண்ணனுக்கு அலை தெரியும். உனுக்கு இன்னா தெரியும்? முட்டி அளவு தண்ணில நின்னவன் நீ. இருக்கறத வுட்டுட்டு பறக்கறதப் புடிக்கப் போறியே, நாளைக்குப் புள்ளைங்க சோத்துக்கு எங்க போவேன்?"

அன்றும் கத்தினேன். ஆனால் அவள் சொன்னது உள்ளே குத்தியபடியே இருந்தது. பாடு என்பதை ஒருவன் விட்டால் விட்டதுதான். ஊர்க்கூட்டத்தில், அம்மன் கோயிலுக்கு முன்னால், தன் வலைக் கழியைக் கொண்டுபோய் மணலில் நட வேண்டும். ஊர்ப் பெரியவர் மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் அவன் விட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கழியை இன்னொருவன் பிடுங்கி எடுத்துக்கொள்வான். விட்டவன் திரும்பப் போய்க் கேட்கக் கூடாது. சலங்கில் நான் தேறாவிட்டால் எங்களுக்கு ஏரியும் இல்லை, கடலும் இல்லை.

அப்படியும் ஒருநாள் கழியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன்.

"வுடுறியா?" என்றார் பெரியவர்.

"வுட்டேன்."

"வுடுறியா?"

"வுட்டேன்."

மூன்றாவது முறை கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. நைனா நட்ட கழி, அவர் கை பட்டு வழவழவென்று ஆன கழி. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டம் முணுமுணுத்தது. அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சொல்லேன்யா! தொண்டையில இன்னா மீன் முள்ளா?"

என் பெண்டாட்டிதான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக நானும் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் சித்தப்பா மகன் கழியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் கேட்டேன். "வேணாம்னு சொன்னவ, அங்க ஏம்மே அப்படிக் கத்தின?"

"வூட்ல எங்கூட சண்டை புடிக்கறதுக்கு அலையோட போய்ப் புடி. அதுக்காவது வலிக்காது" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

சலங்கில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படகுப் பாட்டின் வரிகூடப் பாதி வந்துவிட்டது. ஒருநாள் கப்பலிலிருந்து ஒரு துரையை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அந்த வெயிலிலும் கம்பளிக் கோட்டு, தலையில் பெரிய தொப்பி. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படகின் அடி மணல் திட்டில் உரசியது. ஏரியில் படகு தரை தட்டினால் நாங்கள் என்ன செய்வோம்? கோலை ஊன்றித் தள்ளுவோம். நடக்கப் பழகியபோதே பழகிய வேலை. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகத் துடுப்பைத் திருப்பி மணலில் ஊன்றிவிட்டது!

ஏரித் தண்ணீர் அதற்குக் காத்திருக்கும். கடல் காத்திருக்குமா? துடுப்பு மணலில் மாட்டிக்கொண்டது, நான் துடுப்பை விடவில்லை. என் பக்கம் நின்றுபோக மறுபக்கம் சுற்றியது. படகு அலைக்கு விலாவைக் காட்டியது. பின்னால் வந்த அலைக்கு அது போதும். எல்லோரும் தண்ணீரில்.

நல்லவேளை, மார்பளவுதான் ஆழம். துரை கோட்டின் பாரத்தில் எழ முடியாமல் உருண்டார். நான்தான் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். தொப்பி மட்டும் ஏரிப் பக்கமாக மிதந்துபோனது. அவர் தன் பாஷையில் என்னென்னவோ கத்தினார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் "ஆமா தொரை, ஆமா தொரை" என்றார். துரை போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வூட்டுக்குப் போ மாப்ள" என்றார். நாளைக்கு வா என்று சொல்லவில்லை.

ஏரிக்காரன் கடலில் கோல் ஊன்றிய கதை எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போன பெண்கள்கூட விடவில்லை. "இன்னாண்ணே, கோலு நல்லா எறங்குச்சா?" என்றார்கள். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. என் பெண்டாட்டி மட்டும் ஒன்றும் கேட்காமல் ஈரத் துணியைப் பிழிந்து காயப் போட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கடல் பக்கம் போக எனக்குத் துணிவில்லை. கால் தானாக ஏரிக்குப் போயிற்று. எங்கள் பழைய இடத்தில் சித்தப்பா மகன் கழி நட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினான்.

"அண்ணே, வுட்டவன் கேட்டாதான் தப்பு. எடுத்தவனே திருப்பிக் குடுத்தா ஊரு இன்னா சொல்லப் போவுது? நான் பேசறேன். நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத."

அவன் மனசாரச் சொன்னான். அவனுக்கும் பிள்ளைகள் உண்டு, அந்தப் பாடு அவனுக்கும் வேண்டும். அப்படியும் சொன்னான். நான் தண்ணீரில் இறங்கி நைனாவின் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் அளவுதான். வெதுவெதுப்பான தண்ணீர். காலுக்கடியில் அதே சேறு. இனி சிரிப்பு இல்லை, பயம் இல்லை, பிள்ளைகளுக்குச் சோறு நிச்சயம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வேணாம்பா" என்றேன்.

கோயிலில் மூன்றாவது முறை கேட்டபோது சிக்கிக்கொண்ட வாய், இப்போது தடுமாறவே இல்லை. எனக்கே ஆச்சரியம். விழுந்தாயிற்று, ஊர் சிரித்தாயிற்று, திரும்பி வருகிற கதவையும் திறந்து பார்த்தாயிற்று. அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மனசு லேசாகிவிட்டது. அவன் வலை கட்ட ஒரு கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும் யாரும் கூப்பிடாமலே போய்ச் சலங்கில் என் பலகையில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் கடைசியில் வந்தார். படகைச் சுற்றி வந்து தையல் கயிறுகளை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தபா கோலு ஊனுன, உன்னையே அங்க ஊனிட்டு வந்துடுவேன்."

"சரி மச்சான்."

"தள்ளுங்கடா!"

திரும்பி வரும்போது அதே திட்டு உரசியது. என் கை பரபரத்தது. துடுப்பைத் தொடையோடு அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்தேன். அலை அடியில் புகுந்து படகைத் தூக்கிக் கொண்டுபோய்க் கரையில் விட்டது. அவ்வளவுதான்! சும்மா இருந்தால் போதும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு துரையைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் ஒவ்வோர் அலையாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். திட்டு உரசியதைக் கையால் காட்டினேன். மச்சான் மாதிரி பேசிக் காட்டினேன். சோறு தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். அவள் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே அப்படிப் பாக்கற?"

"கொழம்பு எப்படிக்கீது?"

"ஷோக்கா கீது. இன்னும் ஊத்து."

அவள் உப்புச் சட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அதுல நான் உப்பே போடலய்யா. வேணும்னேதான் போடல."

நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரு கல் உப்பு இல்லை.

"அப்பாடா" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைய ஆரம்பித்தாள்.