எதிரெதிரே உட்கார்ந்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன், பாதி மறந்தும் போகிறது. மன்னித்துக்கொண்டு படியுங்கள். "உங்க மாடியில குடியிருந்த எழுத்தாளர்களைப் பத்தி ஆண்டு மலருக்கு எழுதுங்கம்மா, பக்கத்துல இருந்து பார்த்தவங்க நீங்கதான்" என்று இந்த மராத்திக்கார ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் கேட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் நான். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வீட்டுக்காரரும், அவரோடு கேரம் ஆடிய சிநேகிதரும் கூடவே வந்துவிடுகிறார்கள். ரெண்டு கதையும் எனக்குள் பிரிக்க முடியாமல் கிடக்கிறது.

மாடிக்கு வந்தவர்கள் கோயமுத்தூர்ப் பக்கம். புருஷன், பெண்சாதி ரெண்டு பேருக்கும் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு பேருமே கதை எழுதுகிறவர்கள், கதை எழுதப் போய்த்தான் பழக்கமாகி கல்யாணமும் ஆனதாம். இவ்வளவு தள்ளி, தேஹு ரோட்டில் வந்து ஏன் இருக்கிறீர்கள், ஆபீஸ் கேப் வந்து சேரவே எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டேன். "இங்கதானுங்கம்மா சத்தமில்லை" என்றாள் அந்தப் பெண்.

சத்தம் அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. சுட்டி என்று இங்கே சொல்கிற லீவு நாட்களில் காலைச் சாய் ஆனதும் கதை வாசிக்கிற குரல் ஜினாப் படி வழியாக இறங்கி எங்கள் சமையலறைக்கு வரும். ஒரு நாள் ஆண் குரல், ஒரு நாள் பெண் குரல். அவன் வாசிக்கிறதெல்லாம் அவன் எழுதியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவளிடம், "மாமியார் கதை உன் வீட்டுக்காரர் நல்லா எழுதியிருக்கார் கண்ணு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது என்னோடதுங்கம்மா! என்னோடதை அவன் வாசிக்கோணும், அவனோடதை நான் வாசிக்கோணும். அதுதான் எங்க வீட்டு ஏற்பாடு. நாம எழுதுனதை நாமளே வாசிச்சா நொட்டை தெரியாதுங்க. எழுதாம மனசுல இருக்கறதையும் சேர்த்து வாசிச்சுருவோம்."

அவள் வாயில் வராத வரி எதையும் அவன் பத்திரிகைக்கு அனுப்ப மாட்டானாம். அவளும் அப்படியேதான்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ராணுவ டிப்போவில் ஸ்டோரில் வேலை பார்த்து ரிட்டயரானவர். அதிகம் பேச மாட்டார். "இன்னா மே, இது டபுள்ஸ் ஆட்டமாச்சே" என்றார்.

அவருக்கு எல்லாமே கேரம்தான். அவரும் அவர் சிநேகிதரும் டிப்போவுக்காக ஜோடியாக ஆடியவர்கள். ஜோடி ஆட்டத்தில் கூட்டாளி பக்கத்தில் உட்கார மாட்டார், எதிரே உட்காருவார். பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. நம் காலடியில், கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கிற காயை நாம் நேராக அடிக்க முடியாது. எதிரே இருக்கிறவருக்கு அது சுலபம். ஆனால் நடுவில் எதிராளி ஒருத்தர் ஆடுவார். அதுவரை பொறுத்து, காயை விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "அதுதான் ஆட்டமே" என்பார்.

அவரே ஒரு தடவை பொறுக்கவில்லை. ஒரு ஃபைனல். இவர்களுக்குக் கடைசிக் காய், இவர் காலடியில் கிடந்தது. எதிராளியின் காய் நடுச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்ததாம், ஒரு அடியில் விழுகிற காய் இல்லை. விட்டிருந்தால் அடுத்து சிநேகிதர் நேராகத் தள்ளியிருப்பார். இவர் கட்டைவிரலைத் திருப்பி, பின்பக்கமாக அடித்தார். ஸ்ட்ரைக்கர் போய்ப் பாக்கெட்டில் விழுந்தது. தோற்றார்கள். சிநேகிதர் கையில் இருந்த பவுடரைத் தட்டிவிட்டு எழுந்தவர்தான். லோக்கல் ட்ரெயினில் வேறு பெட்டியில் ஏறி வந்தார். அடுத்த வருஷம் வேறு ஒருத்தரோடு உட்கார்ந்தார். ரெண்டு பேரும் ஒரே கேட் வழியாகத்தான் வேலைக்குப் போனார்கள், ஒரு வார்த்தை கிடையாது. ஒரு தோல்விக்கு இவ்வளவா என்று இவர் ரொம்ப நாள் புலம்பினார். சிநேகிதர் காலமாகியும் சில வருஷம் ஆகிறது.

மாடிக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நானும் கூட இருந்தேன். குழந்தையைச் சுற்றிக் கொடுத்த துண்டை நர்ஸ் திருப்பிக் கேட்டபோது, அவள் கொடுக்காமல் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு மாடியில் வாசிக்கிற சத்தம் நின்றுவிட்டது. ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அதை நான்தானுங்கம்மா எழுதோணும். இப்ப முடியலைங்க. கொஞ்சம் பொறுன்னு அவன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்."

அப்புறம் அவன் கதைக்கு ஒரு பரிசு வந்தது. ஊருக்குள் ஒரு ஹாலில் விழா. எங்களையும் கூட்டிப் போனார்கள். என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். என்ன கதை என்று கேட்டேன். "தெரியலீங்கம்மா. இதை எனக்கு வாசிக்கக் கொடுக்கலை" என்றாள்.

மேடையில் அவனே வாசித்தான். ஆஸ்பத்திரி வராந்தா வந்தது. நர்ஸ் வந்தாள். அந்தத் துண்டு வந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, கையைத்தான் பார்த்தேன். தலை கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

"நல்லா வாசிக்கறாருங்க, இல்லீங்கம்மா?" என்றாள். அதுவரை அவனை வா போ என்று பேசியவள், அன்றிலிருந்து மரியாதையாகத்தான் பேசினாள். பால் வந்துருச்சுங்க, கேப் வந்துருச்சுங்க. அவனோடு வேறு பேச்சு இல்லை.

அவள் போய்விடுவாளோ என்று எங்களுக்குப் பயம் வந்தது. பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு மாடிக் காலடிச் சத்தம்தான் துணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கினார். "பேசாம எதிரெதிரே உட்காரட்டும், தானா சரியாவும்" என்றார். கேரம் தெரிந்தவர் யோசனை, வேறு எப்படி இருக்கும்?

நாலாவது ஆள் இல்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"எனக்கு இன்னாங்க தெரியும்?"

"உனக்குத் தெரியாததுதான் நல்லது. அவங்க ஜெயிக்கணும்."

அவர்கள் வந்தார்கள், பெரியவர் கூப்பிட்டாரே என்று. நான் அடித்த ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டி மாவு டப்பாவின் மேல் போய் விழுந்தது. "அம்மா சிக்ஸர் அடிச்சுட்டாங்க!" என்றான் அந்தப் பையன். அவள் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து அவனும் சிரித்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணால் சந்தோஷப்பட்டார். அவள் விட்ட காயை அவன் எடுத்தான், அவன் விட்டதை அவள் எடுத்தாள். மாடியில் வாசிப்பது போலவே இருந்தது.

கடைசியில் அவர்களுக்கு ஒரே ஒரு காய். அவன் காலடியில் கிடந்தது. எங்கள் காய்கள் அப்படியே குவிந்து கிடந்தன, அவசரமே இல்லை. அவன் சும்மா விட்டால், நான் ஒரு தடவை அடித்துக் கெடுத்ததும் அவள் முறை. அவள் அந்தக் காயைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அத்தனை நாள் கழித்து நேராகப் பார்த்தாள்.

அவன் குனிந்து, கட்டைவிரலைத் திருப்பி, பின்பக்கமாக அடித்தான்.

காய் விழுந்தது. சுத்தமாக, ஓரத்தில் கூடப் படாமல் விழுந்தது.

"ஜெயிச்சுட்டோம்!" என்று கையைத் தூக்கினான்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள். கையிலிருந்த பவுடரைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சமையல் ஆகலீங்கம்மா" என்று ஜினா ஏறிப் போய்விட்டாள்.

அவனும் போன பிறகு இவர் போர்டைத் தூக்கி வைக்கவில்லை. "அன்னிக்கு நான் தோத்ததுக்குத்தான் என் கூட்டாளி எழுந்து போனான்னு இருந்தேன் மே. அந்தக் காய் விழுந்திருந்தாலும் போயிருப்பான்" என்றார். இதைச் சொல்லிக்கொள்ள அந்தச் சிநேகிதர் இல்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அவள் விமான் நகரில் ஒரு தோழியோடு தங்கப் போனாள். "எழுதுறியா கண்ணு?" என்று கேட்டேன். "எழுதறனுங்கம்மா. வாசிச்சுக் காட்டத்தான் ஒருத்தரும் இல்லை" என்றாள். நான் எழுத்துக்கூட்டுகிறவள், நான் வாசிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை போனேன்.

அவன் கொஞ்ச நாள் இருந்து பார்த்தான். சாவி கொடுக்க வந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னான். "எனக்கும் அது குழந்தைதானுங்களேம்மா." அதுவும் நிஜம்தானே. நான் சாய் போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

பரிசு விழாவுக்கும் கேரம் ஆட்டத்துக்கும் நடுவில் வேறு ஏதாவது நடந்ததா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேரம் விதியும் இவர் சொல்லித் தெரிந்ததுதான். மலர் போடுகிறவர்கள் தயவுசெய்து இதை மாடியில் இருந்தவர்களிடம் காட்டி, தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஒரே காகிதத்தை ரெண்டு பேருக்கும் அனுப்பிவிடாதீர்கள். தனித்தனியாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.