சாமியாக்கப்பட்ட போர்க்கல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊரில், முதல் உலகப் போருக்குப் போன ஊர்க்காரர்களின் நினைவுக்கல் சாலையோரம் இருக்கிறது. இன்று போனபோது அதற்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டியிருந்தார்கள். எழுத்து தெரியவில்லை.

பூசியவர் எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் சேகர். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தப் போரிலிருந்து திரும்பவில்லை.

"ரோடு அகலம் பண்றாங்க சார். கல்லுன்னா பேத்துப் போட்டுட்டு போய்க்கினே இருப்பான். சாமின்னா கை வெக்க மாட்டான்."

"எழுத்து மறைஞ்சிடுச்சே?"

"இத்தினி வருசமா எவன் சார் படிச்சான், உங்களத் தவிர?"

பிறகு சாலைப் பணி அலுவலகத்தில் அகலப்படுத்தும்போது இடிக்கப்போகிறவற்றின் பட்டியலைப் பார்த்தேன். நினைவுக்கல் என்று எதுவும் அதில் இல்லை. அகற்ற வேண்டிய ஆக்கிரமிப்புகளில் மட்டும் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'சிறு கோயில், ஒன்று.'

சேகரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.