மச்சானுக்காகக் கேட்ட வழி

இனிமேல் குடித்தால் பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடியை விட நினைப்பவர்கள் திருவொற்றியூரில் ஒரு சர்ச் ஹாலில் கூடுவதாகக் கேள்விப்பட்டேன். எந்தச் சர்ச் என்று தெரியவில்லை. ஒயின்ஷாப் வாசலில் மீன் வறுக்கும் அக்காவிடம், “என் மச்சானுக்கு” என்று சொல்லி வழி கேட்டேன்.

“எல்லாரும் மச்சானுக்குத்தான் கேக்குறாங்க. வா நைனா” என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கூடவே நடந்தார்.

ஹாலைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

“எங்க வூட்டுக்காரரையும் இட்டாந்தேன். இங்கியே நின்னு, நாளைக்கு வரலாம்னு திரும்பிட்டாரு. அடுத்த வாரம் தூக்கினு போயி பொதைச்சோம்” என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால், அவர் இன்னும் வாசலை மறித்து நின்றுகொண்டிருந்தார். நின்றிராவிட்டால் ஓடியிருப்பேன்.

இப்போதும் வாராவாரம் போகிறேன். ஒருநாளும் தைரியமாகப் போனதில்லை.