கிளிப் மாட்டாத கம்பி

'மல்லாந்து படுத்து எடை தூக்குபவரின் தலைமாட்டில் பயிற்சியாளர் நிற்க வேண்டும். எடைத் தட்டுகள் கழலாதபடி கம்பியின் இரு முனையிலும் கிளிப் மாட்ட வேண்டும்.' திருப்பூரில் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் எழுதியிருந்த விதி இது. அரசு அலுவலகத்தில் விதிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற நான், அதை நம்பித்தான் பெஞ்சில் படுத்தேன். தூத்துக்குடிக்காரரான பயிற்சியாளர் தலைமாட்டில் நின்றார். கிளிப்பை மட்டும் மறந்திருந்தார்.

நான் கம்பியை மார்புக்கு இறக்கும்போது, பக்கத்தில் தன் ஆட்களோடு வந்திருந்த பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் மூச்சிரைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது வயிறா, நூல் மூட்டையா? ஊத்துக்குளி நெய்யை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்லுதேன்!" என்று பயிற்சியாளர் அவரிடம் கத்தினார்.

"என்ற கம்பெனி ஆளுங்க முன்னால என்ற வயித்தப் பேசறியா நீயி?" என்று எழுந்த முதலாளி அவர் மூக்கில் குத்தினார். ரத்தம் என் நெற்றியில் தெறித்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள்.

என் கை தளர்ந்து, கம்பி கழுத்துக்கு உருண்டது. கூப்பிடக் குரல் வரவில்லை. கடைசி மூச்சைக் கூட்டிக் கம்பியை ஒரு பக்கம் சாய்த்தேன். கிளிப் இல்லாத இரும்புத் தட்டுகள் வழுக்கி முதலாளியின் பாதத்தில் விழுந்தன. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அத்துடன் சண்டையும் நின்றது.

இப்போதெல்லாம் பயிற்சியாளரின் இரண்டு கைகளும் கம்பியின்மேல் இருப்பதைப் பார்த்த பிறகே படுக்கிறேன், அதுவும் வேறு கூடத்தில். பழைய கூடத்துக்கு முறைப்படி புகாரும் நினைவூட்டல்களும் அனுப்பினேன். கிளிப் மாட்டாமல் எடை தூக்கிய குற்றத்துக்காக உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கியிருப்பதாகப் பதில் வந்தது, அதே கம்பிக்கு அவர்கள் சந்தனம் பூசிய ஆயுத பூஜையன்று.