மிஸ் இஸ்மே போட்ட திருத்தம்

போன மாதம் மிஸ் இஸ்மே டொரிங்டனை அடக்கம் செய்தோம். நல்ல மழை. பதினைந்து பேர் வந்திருந்தால் அதிகம். பாதிரியார் என்னைப் பார்த்து, "கத்பர்ட், நீங்க கூட வேலை பார்த்தவர்தானே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். ஓர் எட்டு முன்னால் வந்தேன். "நல்லா டைப் அடிப்பாங்க" என்றேன். அதோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் மேலேயே எனக்குக் கடுப்பு. எழுபத்தெட்டு வயதில் இன்னும் எதற்குப் பயப்படுகிறேனோ தெரியவில்லை.

ஜார்ஜ்டவுனில் 'உரைகல்' என்று ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. கயானாவில் இன்று அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அரசாங்கத்தைத் திட்டுகிறவனுக்கு அச்சுக் காகிதம் கிடைக்காத காலம் அது. அதனால் பள்ளிக்கூடக் காகிதம், பழைய படிவங்களின் பின்பக்கம் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் சைக்ளோஸ்டைல் மெஷினில் ஓட்டுவோம். மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவது நான். மெழுகுத் தாளில் டைப் அடித்துக் கொடுப்பது மிஸ் இஸ்மே. ஊர் ஊராக சைக்கிளில் கொண்டுபோய் விற்பது புத்ராம். எழுதுவது, திட்டுவது, ஜெயிலுக்குப் போவது எல்லாம் எங்கள் ஆசிரியர் வின்ஸ்லோ கடோகன்.

சும்மா சொல்லக் கூடாது, கடோகன் பயம் அறியாத மனுஷன். வாத்தியார் வேலையை விட்டார், பெண்டாட்டி பிள்ளைகள் டொரோன்டோவுக்குப் போய்விட்டார்கள், இரண்டு தடவை உள்ளே போய் வந்தார். ஆளும் கட்சியையும் விட மாட்டார், எதிர்க்கட்சியையும் விட மாட்டார். கறுப்பர்களின் ஓட்டை ஒருவன் மேய்க்கிறான், இந்தியர்களின் ஓட்டை இன்னொருவன் மேய்க்கிறான், ரெண்டு மந்தைக்கும் பட்டினிதான் என்று எழுதுவார். படிக்கிறவனுக்கு நரம்பு முறுக்கேறும். பக்கத்தில் இருந்து வேலை செய்கிறவனுக்கு உயிர் போகும். ஒரு சொல்லை மாற்றலாமா என்று கேட்டால் போதும், "சமரசத்துக்கு வேற கடை இருக்கு தோழர், அங்கே போங்க" என்பார். திருத்தம், மறுப்பு, வருத்தம் என்று எதையும் பதினோரு வருஷத்தில் உரைகல் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை. எங்களுக்கும்தான், பொய் சொல்வானேன்.

மிஸ் இஸ்மேயும் என்னைப் போலக் கறுப்பர்தான். அறுபத்து நாலு இனக் கலவரத்துக்கு முன்னால் ஆற்றோரத்தில், இந்தியர்களும் கறுப்பர்களும் கலந்து இருந்த ஓர் ஊரில் குடியிருந்தவர். ஒரு மத்தியானம் அவர் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். தையல் மெஷின் போயிற்று, கட்டில் போயிற்று, புருஷனும் அந்தக் கவலையிலேயே ஒரு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷமாக எந்த இந்தியர் ஊருக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் இந்தியனான புத்ராமுக்கும் சேர்த்துத்தான் ஆபீசுக்குச் சோறு கொண்டு வருவார். ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "அவன் கொளுத்தலையே" என்றார். பேச்சு அவ்வளவுதான். அடித்து முடித்த மெழுகுத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், எழுத்து பிசகியிருந்தால் சிவப்பு மருந்தைத் தடவி ஊதிக் காயவைத்து மறுபடி அடிப்பார். சொல்லப்பட்டது சரியா தப்பா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்பார்.

எண்பத்து மூன்றில் எங்கள் நாட்டில் கோதுமை மாவுக்குத் தடை இருந்தது. அரிசி மாவில் ரொட்டி சுட்டுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. வெள்ளை மாவோடு பிடிபட்டால் ஜெயில். அதனால் அந்த வருஷம் ஒருவன் வீட்டில் மாவு இருந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சூரினாமிலிருந்து கடத்தி வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் மேலிடத்தில் யாரோ தயவு பண்ணிக் கொடுத்ததாக இருக்கும்.

ஜூலையில் ஒரு காலை போலீஸ் வந்து எங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்துக்கு மாறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் சொல்லவும் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கடோகன் அன்றைக்கெல்லாம் மரத்தரை அதிர நடந்துகொண்டே "நாலு பேர்ல ஒருத்தன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம்.

அந்த வாரம்தான் நான் புத்ராம் வீட்டுக்குப் போனேன். அப்பா இறந்துபோய் லீவில் இருந்தான், எப்போது வேலைக்கு வருவான் என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார் கடோகன். கேட்டைத் திறக்கும்போதே வாசனை மூக்கில் ஏறியது. நெய்யில் பொரிகிற வெள்ளை மாவு. ஒரு வருஷமாக நான் மறந்தே போயிருந்த வாசனை. அடுப்பு ஓரத்தில் ஒரு பை இருந்தது. புத்ராம் அவசரமாக அதன் மேல் ஒரு துணியைப் போட்டான்.

"என்னப்பா, நிஜ மாவா?"

"நீ வேற. அரிசி மாவுதான். வேறென்ன கிடைக்குது இங்கே."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். எனக்குச் சந்தேகம் வந்ததா, வயிறு எரிந்ததா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் கடோகனிடம், "புத்ராம் வீட்டுல வெள்ளை மாவு இருக்கு தோழர். கேட்டா இல்லைங்கறான்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மீதியை அவர் சொன்னார், நான் தலையாட்டினேன்.

ஒரு சர்ச்சில் மெஷின் இரவல் கிடைத்தது. கடோகன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தபடி சொல்லச் சொல்ல மிஸ் இஸ்மே அடித்தார். 'ஐந்து ராத்தல் மாவுக்கு விலைபோனவன்' என்று தலைப்பு. ஒரே ஒரு இடத்தில் அவர் கை நின்றது.

"பேர் போடணுமா தோழர்?"

"பேர் இல்லாத துரோகி எங்கேயாவது உண்டா? போடுங்க."

போட்டார். நான் சுற்றினேன். எண்ணூறு பிரதி.

இரண்டு வாரத்தில் புத்ராமின் குடும்ப மானம் சந்தி சிரித்துவிட்டது. கறுப்பர் ஊர்களில் அவன் தோட்டத்துக் காய்கறியை யாரும் தொடவில்லை. அவன் சொந்த ஊரில், "அவனுங்களோட ஒட்டி உறவாடினே இல்ல, நல்லா வேணும்" என்றார்கள். யாரோ வேலியில் தாரால் 'ஒற்றன்' என்று எழுதினார்கள். புத்ராம் வாசல் தாண்டுவதில்லை என்று அவன் மனைவி சுமிந்த்ரா ஆபீசுக்கு வந்து சொன்னாள். கடோகன் வெளியே போயிருந்தார். நானும் மிஸ் இஸ்மேயும்தான் இருந்தோம்.

"அந்த மாவு மாமனாரோட பதிமூணாம் நாள் காரியத்துக்கு, மிஸ் இஸ்மே. பூரியும் பிரசாதமும் வெள்ளை மாவுலதான் பண்ணணும், அரிசி மாவுல பண்ணினா பண்டிட் ஒத்துக்க மாட்டார். ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து என் தம்பி கொண்டாந்தான். அதை எப்படிங்க வெளியில சொல்றது? தம்பியையும் பிடிப்பான், இவரையும் பிடிப்பான்."

அவன் அப்பா இறந்தது எங்களுக்குத் தெரியும். பதின்மூன்றாம் நாள் என்று ஒன்று உண்டு என்பதும், அன்றைக்கு எந்த மாவு வேண்டும் என்பதும் எனக்கும் தெரியாது, கடோகனுக்கும் தெரியாது. இரண்டு இனமும் ஒன்று என்று பதினோரு வருஷம் எழுதியிருக்கிறோம். ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டதில்லை.

"ரெண்டே ரெண்டு வரி போடுங்க. அவர் காட்டிக் கொடுக்கலைன்னு மட்டும். காரணத்தைப் போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் சுமிந்த்ரா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மிஸ் இஸ்மே கடோகனிடம் மூன்று தடவை கேட்டார். முதல் தடவை அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டாம் தடவை, "ஒரு தடவை தப்புன்னு ஒத்துக்கிட்டா இதுவரைக்கும் எழுதின அத்தனையும் தப்புன்னு சொல்லுவான்" என்றார். அதுவும் ஒரு நியாயம்தான், எதிரிகள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மூன்றாம் தடவை அவர் குரல் தணிந்திருந்தது.

"காரணம் சொல்லாம மறுப்புப் போட்டா எவன் நம்புவான், மிஸ் இஸ்மே? காரணத்தைச் சொன்னா புத்ராம் ஜெயில்ல. நான் என்ன பண்ணட்டும்?"

அந்த மனுஷனும் தூங்கி நாளாகியிருந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

புதன்கிழமை அவருக்குக் கோர்ட்டில் வாய்தா. அவர் போனதும் மிஸ் இஸ்மே ஒரு புது மெழுகுத் தாளை டைப்ரைட்டரில் ஏற்றினார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"மாவைப் பத்திச் சொல்லக் கூடாது. அப்போ தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு வேற ஏதாவது சொல்லணும். தகவல் சொன்னவங்க தப்பாச் சொல்லிட்டாங்கன்னு போடலாம். உன் பேரைப் போடவா, கத்பர்ட்டு?"

அக்காவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை, என் பேர் வந்தால் அது போய்விடும், அது இது என்று ஏதேதோ சொன்னேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்த சாக்கு. அவர் முழுக்கக் கேட்டார். "சரி" என்றார். அடிக்க ஆரம்பித்தார்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். 'முந்தைய இதழ் ஒன்றில் புத்ராமைப் பற்றி வெளிவந்தது பொய். அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. தவறான தகவலை ஆசிரியரிடம் சொன்னது நான். இஸ்மே டொரிங்டன்.'

"இது வேண்டாம், மிஸ் இஸ்மே" என்றேன்.

"அப்போ உன் பேரை அடிக்கட்டுமா? சிவப்பு மருந்து இருக்கு, ஒரு நிமிஷ வேலை."

நான் மை டப்பாவைத் திறந்தேன். அவர் தாளை என் கையில் கொடுத்தார். சுற்றினேன்.

வியாழக்கிழமை கடோகன் அதைப் படித்தார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாதா என்ன. என்னை ஒரு பார்வை பார்த்தார். மெஷின் சுற்ற வேறு ஆள் கிடையாது, அதுவும் அவருக்குத் தெரியும். "நீங்க உரைகல்லுல பொய் அச்சடிச்சிருக்கீங்க" என்றார் மிஸ் இஸ்மேயிடம்.

"ஆமா தோழர். மூணு வாரத்துக்கு முன்னாடியும்தான்."

அதோடு அவருக்கும் உரைகல்லுக்கும் உறவு முடிந்தது. அவர் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையை எடுத்துக்கொண்டார். அச்சடித்த தாள் கட்டையும் இழுத்துக்கொண்டார். "இதுல என் பேர் இருக்கு, இதை நானே கொண்டு போறேன்" என்றார். கடோகன் தடுக்கவில்லை. மிஸ் இஸ்மே நீக்கப்பட்டார் என்ற அறிவிப்பை அன்று மாலை நான்தான் இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தேன்.

சனிக்கிழமை காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். கட்டைத் தூக்கவாவது ஆள் வேண்டாமா. பஸ்ஸில் உட்கார்ந்ததும் மிஸ் இஸ்மே தாள் கட்டை என் மடியில் வைத்தார். புத்ராமின் ஊர் வந்ததும் இறங்கினோம். ரோட்டிலிருந்து ஊருக்குள் போக வாய்க்கால் மேல் ஒரு பலகை கிடந்தது. அதன் முன்னால் அவர் கொஞ்ச நேரம் நின்றார். காலெடுத்து வைக்கவில்லை. பிறகு தாண்டினார்.

ஒவ்வொரு கேட்டாக நின்றோம். தாளைக் கொடுத்தால் சிலர் வாங்கவில்லை. "உங்க பேப்பர் வேணாம் தாயி, ஒரு தடவை வாங்கிப் பட்டது போதும்" என்றார் ஒரு கிழவர். அப்படிச் சொன்னவர்களுக்கு மிஸ் இஸ்மே கேட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தே காட்டினார். ஒரு பெண் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்போ நீதானா அது? ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டு இப்போ வந்து படிச்சுக் காட்டறியா?" என்று வாளித் தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினாள். செருப்பு நனைந்தது. மிஸ் இஸ்மே அடுத்த கேட்டுக்கு நடந்தார். நான் பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். சொன்னது நான்தான் என்று வாயைத் திறக்க எத்தனை கேட் இருந்தது, எண்ணினால் இருபதுக்கு மேல் இருக்கும்.

கடைசியில் புத்ராம் வீடு. தூண்கள் மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்து கேட்டருகில் நின்றார். சுமிந்த்ரா படியில் உட்கார்ந்தாள். மிஸ் இஸ்மே அங்கேயும் முழுதாக வாசித்தார், தன் பேர் வரைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து புத்ராமின் தோளைத் தொட்டார். "சாயங்காலம் வேலிக்கு வெள்ளை அடிச்சுருவோம்ப்பா" என்றார். புத்ராம் தலையசைத்தான். அவர் போகும்வரை காத்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மிஸ் இஸ்மே, நீங்க இதுக்கு முன்னாடி என் வீட்டுக்கு வந்ததே இல்லையே. என் வீட்டுல என்ன இருந்துச்சுன்னு நீங்க எப்படிச் சொல்லியிருப்பீங்க?"

"தாள்ல என்ன போட்டிருக்கோ அதுதான், புத்ராம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கட்டின் கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமிந்த்ரா மேலே போய் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டு வந்தாள், இரண்டு டம்ளர். ஒன்றை புத்ராம் எழுந்து மிஸ் இஸ்மே கையில் கொடுத்தான். இன்னொன்றைப் பெஞ்சில் என் பக்கமாக நகர்த்தி வைத்தான். தாகமாக இருந்தது. எடுத்துக் குடித்தேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மிஸ் இஸ்மே, "இப்போவாவது திரும்பிப் போய்ச் சொல்றியா? நான் இங்கே நிக்கிறேன்" என்றார்.

"அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் சரி என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. உரைகல் நாலு மாதத்தில் நின்றுபோனது. மிஸ் இஸ்மே வீட்டிலேயே தைத்துப் பிழைத்தார். போன மாதம் குழிக்குப் பக்கத்தில் புத்ராம் தடியை ஊன்றிக்கொண்டு எனக்கு எதிரே நின்றான். நான் "நல்லா டைப் அடிப்பாங்க" என்று சொல்லி நகர்ந்த பிறகும், இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.