சிவப்புக் கோடு தெற்கே திரும்பிய தெரு: காஞ்சிபுரத்தில் என் மகளின் வேலைநாள்

காஞ்சிபுரத்துக்கு ஜனங்கள் கோவிலுக்காகப் போவார்கள், இல்லையென்றால் புடவைக்காகப் போவார்கள். நான் இந்தப் புரட்டாசியில் போனது, ரோட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு கரண்ட் கேபிளை என் மகள் எப்படித் தேடுகிறாள் என்று பார்க்க.

கயல்விழிக்கு அதுதான் தொழில். மண்ணைத் தோண்டாமலே உள்ளே எங்கே தண்ணீர்க் குழாய் போகிறது, எங்கே மின்கம்பி போகிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடித்து, மேலே பெயின்டால் கோடு போட்டுக் கொடுப்பாள். சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறாள். பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் தெரு ஒன்றில் மழைநீர்க் கால்வாய் போடப் போகிறார்கள், ஒரு வாரம் அங்கேதான் வேலை என்று போனில் சொன்னாள். "வேலூர்ல இருந்து ரெண்டு மணி நேரந்தானேப்பா, ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்றாள். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதற்கு மேல் என்ன அழைப்பு வேண்டும்?

காலை ஐந்தரை மணிக்கு வண்டி. வேலூரிலிருந்து காஞ்சிபுரம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். இடதுபக்க ஜன்னலா வலதுபக்க ஜன்னலா என்று கேட்பவர்களுக்கு: வெயில் படாத பக்கம் பார்த்து உட்காருங்கள், ஏரி எப்படியும் தெரியும். தாமல் ஏரியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. திருப்புட்குழி தாண்டியதும் கட்டைப் பையோடு நாலு பெண்கள் ஏறி, வண்டியே கலகலப்பாகிவிட்டது. எட்டு மணிக்கு முன்னால் பேருந்து நிலையத்தில் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தே போனேன்.

தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். அதற்கு மேல் ஒரு பெண்ணின் சத்தம்.

"மழை வந்தா எங்க வூட்டு தறிக்குழிக்குள்ள தண்ணி ஊறுதுமா. போன மழைக்கு பாவு நனைஞ்சி வீணாப் போச்சி. இப்போ தறியில கல்யாணப் பொடவை ஓடிக்கினு இருக்குது. நீங்க நேத்துல இருந்து அந்தக் குச்சிய வச்சிக்கினு நடந்துக்கினே இருக்கீங்க. எப்பதான் தோண்டுவீங்க?"

பேசியவர் மல்லிகா. அந்தத் தெருவில் குழித்தறி வைத்து நெய்கிறவர். குழித்தறி என்றால், நெய்கிறவர் கால் வைத்து மிதிக்க வீட்டுக்குள்ளேயே தரையில் குழி இருக்கும். தெருவில் தண்ணீர் நின்றால் அது மண் வழியாக அந்தக் குழிக்குள்தான் ஊறும்; தறியில் நீளவாக்கில் பூட்டியிருக்கும் பாவு நூலும் நனைந்துவிடும். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கோபத்தை வாங்கிக்கொண்டு நின்றது என் மகள். ஆரஞ்சு நிறச் சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் இடுப்புயரத்துக்கு நீளமான ஒரு கருவி.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடறேங்க்கா. கேபிள் எங்க இருக்குன்னு தெரியாம தோண்ட வுட்டா பெரிய ஆபத்து" என்றாள்.

பக்கத்தில் ஜேசிபி தயாராக நின்றது. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் குமரேசன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "மேடம், டிராயிங்ல கேபிள் வடக்கால போவுது. நாம தோண்டப் போறது தெற்கால. அப்புறம் என்னா?"

"டிராயிங் போட்டவங்க கேபிள் பொதைக்கும்போது கூட நின்னாங்களான்னு நமக்குத் தெரியாது சார்."

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவ்வளவுதான் வரவேற்பு. அடுத்த நிமிடமே ஒரு சுருள் ஒயரை என் கையில் கொடுத்து, "இது மேல பைக் ஏறாம பாத்துக்கோங்கப்பா" என்றாள். முப்பது வருடம் கூட்டத்தைச் சமாளித்தவனுக்கு இது பெரிய காரியமா? விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். தெருவே ஓரமாகப் போனது.

அன்று நான் புரிந்துகொண்டதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். கரண்ட் ஓடுகிற கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் இருக்கும். அதைக் கருவி பிடித்து 'ஙொய்ய்' என்று சத்தமாக மாற்றும். இது சும்மா கேட்பது. முதல் நாள் அப்படிக் கேட்டதில் தெருவின் வடக்கு ஓரத்தில் மெல்லிய சத்தம் வந்திருக்கிறது. வரைபடமும் வடக்கு என்கிறது. வேறு யாராவது இருந்தால் அங்கேயே முடித்திருப்பார்கள். கயலுக்கு அது போதவில்லை. பெரிய கேபிளுக்குள் மூன்று கம்பிகள் இருக்கும், மூன்றிலும் சம அளவில் கரண்ட் ஓடினால் ஒன்றின் புலத்தை இன்னொன்று அமுக்கிவிடும், வெளியே சத்தமே வராது என்றாள். "நேத்து நான் கேட்டது தெருவிளக்கு ஒயராக் கூட இருக்கலாம்ப்பா."

அதனால் அன்று அவளே ஒரு சிக்னலை அனுப்பினாள். தெருமுனைக் கம்பத்தில் கேபிள் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில், மின் அலுவலக ஊழியர் ஒருவர் நின்று சரிபார்க்க, கேபிளைச் சுற்றி வளையம் போன்ற ஒரு கிளாம்ப்பை மாட்டி, என் கையில் இருந்த ஒயரால் ஒரு சிக்னல் பெட்டியோடு இணைத்தாள். அதிலிருந்து தனி அலைவரிசையில் ஒரு சிக்னல் கேபிள் வழியாக ஓடும். அதை மட்டும் தேடிக்கொண்டு மேலே நடக்க வேண்டும்.

நடந்தாள். கருவியை இடமும் வலமும் மெதுவாக நகர்த்தி, சத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் சிவப்புப் புள்ளி. அடுத்த எட்டில் இன்னொரு புள்ளி. வடக்கு ஓரமாகவே புள்ளிகள் வந்தன. குமரேசன் "நான் சொல்லல?" என்று ஆரம்பிக்கும்போது கயல் நின்றாள். பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். தெருவின் நடுவில் ஒரு பழைய கிணற்றை மூடி மேடை கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பே புள்ளிகள் வடக்கை விட்டு, ரோட்டைக் குறுக்கே தாண்டித் தெற்கே திரும்பின. அந்தக் காலத்தில் கேபிள் போட்டவர்கள் கிணற்றுக்காக வளைத்திருக்க வேண்டும். அதை யாரும் வரைபடத்தில் ஏற்றவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. புள்ளி வைத்த இடத்தில் கையாலேயே ஒரு சோதனைக் குழி தோண்டினார்கள். கருவி காட்டிய ஆழம் முக்கால் மீட்டர். அந்த ஆழமும் தாண்டியது. கேபிள் இல்லை. குழியின் ஓரத்தில் ஒரு பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய்தான் தெரிந்தது.

"தண்ணிக் கொழாய்க்கா இவ்ளோ நேரம்?" என்றார் மல்லிகா. சிலர் சிரித்தார்கள். குமரேசன் ஜேசிபி ஆபரேட்டரைப் பார்த்துக் கையசைத்தார்.

ஒயரை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் சின்ன வயதில் மேடையில் வசனம் மறந்து நின்றபோது கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

ஆபரேட்டர் பெயர் ஆரோக்கியம், பக்கத்து ஊரான கூரத்துக்காரர். அவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கீழே இறங்கி வந்தார். "பக்கெட்டு கேபிள்ல பட்டா மொத அடி எனக்குத்தான் சார். மேடம் சரின்னு சொல்லட்டும், அப்பால எடுக்கறேன்."

கயல் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் போட்ட புள்ளி தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "கேபிள்ல விட்ட சிக்னல் பக்கத்துல இருந்த இந்த இரும்புக் கொழாய்க்கும் தாவிக்கினு இருக்குது. ரெண்டு சத்தமும் கலந்து, என் கருவி நடுவுல ஒரு இடத்தக் காட்டியிருக்குது. கொழாய் இருக்குறது இப்பதான் தெரிஞ்சிது. இனிமே பிரிச்சிடலாம்."

பிரித்தாள். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் கண்ணிமைக்காமல் பார்த்தேன். முதலில் கேபிளை விட்டுவிட்டு, தெருமுனை வால்வில் நேராக ஒயரை மாட்டி, அந்தத் தண்ணீர்க் குழாயை மட்டும் தேடி நீலக் கோடு போட்டாள். பிறகு கேபிளுக்குத் திரும்பி வந்து, பக்கத்துக் குழாய்க்கு அவ்வளவாகத் தாவாத குறைந்த அலைவரிசைக்கு மாற்றினாள். கருவியில் இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒன்றில் கம்பிக்கு நேர் மேலே சத்தம் உச்சமாக இருக்கும். இன்னொன்றில் நேர் மேலே சத்தம் அடங்கிப் போகும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அந்த இடத்தை நம்பலாம். காலையில் வளைவுக்குப் பக்கத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் வித்தியாசம் இருந்திருக்கிறது. "அத நான் பெருசா எடுத்திருக்கணும்ப்பா" என்றாள் என்னிடம் மட்டும். இப்போது இரண்டும் ஒரே கல்லின் மேல் வந்து நின்றன. முதல் குழிக்குத் தெற்கே, கால்வாய்க்காகச் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்த கோடுகளுக்கு நடுவில்.

மறுபடி கைத்தோண்டல். தறிச் சத்தம் நின்றிருந்தது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண்வெட்டி 'டக்' என்றது. "நிறுத்துங்க" என்று கயல் குனிந்து கையால் மண்ணை விலக்கினாள். செங்கல். பக்கத்தில் இன்னொரு செங்கல். வரிசையாக. கேபிளுக்குப் பாதுகாப்பாக மேலே அடுக்குகிற செங்கல் அது. ஒன்றை எடுத்துவிட்டு மணலை ஒதுக்கினால், என் மணிக்கட்டு தடிமனில் கறுப்பாக, அப்படியே உயிரோடு கிடக்கிறது பதினோராயிரம் வோல்ட் கேபிள்.

ஆரோக்கியம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய பக்கெட் அன்று காலை முதன்முதலில் இறங்க வேண்டிய இடம் அதுதான். குமரேசன் வரைபடத்தை மடித்தார். "மேடம், நீங்களே கோடு போடுங்க, அதும்படி கால்வாய நகர்த்திக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் மேலே அவசரப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

மல்லிகா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். கயலிடம் நீட்டி, "காலையில கத்திட்டேன், மனசுல வச்சிக்காதம்மா. எம் புள்ளைங்க இந்தத் தெருவுலதான் வெளையாடுதுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பொண்ணா?"

"ஆமாம்மா. என் பொண்ணுதான்" என்றேன். இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன் போல, கயல் முறைத்தாள்.

மத்தியானம் தோண்ட ஆரம்பித்தார்கள். கேபிளுக்குப் பக்கத்தில் ஆட்கள் கையால், தள்ளிப் போனதும் ஜேசிபி. என் மகள் விளிம்பில் நின்று கையை உயர்த்தினால் அந்த இயந்திரம் நிற்கும். இறக்கினால் நகரும். நான் விசில் அடித்து எத்தனையோ பேருந்துகளை நிறுத்தியிருக்கிறேன். அதில் எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காஞ்சிபுரத்தில் பெரும்பாலான கோவில்கள் மத்தியானம் சாத்தி, நாலு மணி சுமாருக்குத்தான் திறக்கும். அந்த இடைவேளையில் நெசவுத் தெருக்களில் நடங்கள். தறி பார்க்க வேண்டுமென்றால் வாசலில் நின்று கேளுங்கள்; கேட்டால் கூப்பிட்டுக் காட்டுவார்கள். மழைக்காலத்தில் செருப்பு பத்திரம். வேலூர்க்காரர்கள் திரும்ப ஆறு மணிக்குள் வண்டி பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும், தயவுசெய்து சில்லறையோடு ஏறுங்கள்.

உங்கள் வீட்டில் போர் போடவோ, கேட் தூண் நடவோ தோண்டுகிறவர்களுக்கு: குடிநீர், மின்சாரம் இரண்டு அலுவலகத்திலும் முதலில் கேளுங்கள். அவர்கள் தரும் வரைபடத்தை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு மூடி எங்கே இருக்கிறது, கம்பத்திலிருந்து ஒயர் எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று சுற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயை இந்தக் கருவி பிடிக்காது. அதற்கு ரேடார் வண்டி ஒன்று உண்டு, ஈரக் களிமண்ணில் அதுவும் திணறும். அதனால் கடைசியில் கையால் ஒரு சோதனைக் குழி எடுத்துக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். செங்கல் வரிசையோ கலர் நாடாவோ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஐந்து நாள் கழித்துக் கயல் போன் செய்தாள். கால்வாய் முடிந்தது, ஒரு வீட்டில் கூடக் கரண்ட் நிற்கவில்லை, மண்ணைத் தள்ளி மூடியாகிவிட்டது. "ரோடு போட்டுட்டா என் கோடெல்லாம் போயிடும்ப்பா" என்று சிரித்தாள்.

நான் கிளம்புவதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருந்தேன். நடுத்தெருவில் சிவப்புக் கோடு தெற்கே வளைகிறது, ஓரத்தில் அவளுடைய பூட்ஸ் தெரிகிறது. இந்தப் பதிவின் தலையில் இருப்பது அந்தப் படம்தான். கோபுரப் படம் வேண்டுமென்பவர்கள் வேறு யாருடைய பதிவிலாவது பார்த்துக்கொள்ளலாம்.